கொயர் நோட்டு, கொயர் மெத்தை, சர்ச் கொயர்: ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்கள்

செம்பருத்தி:
எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று டிக்டேஷன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். "அம்மா கேக் செய்ய மாவு வாங்கினாள்" என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டிய இடத்தில் "பூ வாங்கினாள்" என்று எழுதியிருக்கிறாள். இரண்டுக்கும் உச்சரிப்பு ஃப்ளவர்தான். டீச்சர் சிவப்பு மையால் சுழித்து, சரியான ஸ்பெல்லிங்கைப் பத்து முறை எழுதச் சொல்லியிருக்கிறார். பத்து முறையும் எழுதி முடித்துவிட்டு என்னிடம் வந்து, "பூவுக்கும் மாவுக்கும் என்னம்மா சம்பந்தம்? சொல்றப்போ ஒண்ணா சொல்லிட்டு, எழுதுறப்போ ஏன் வேற வேற?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்று சொல்ல மனசு வரவில்லை. காரணம் ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:
அம்மா, நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் மகள் கேட்டது மிக நல்ல கேள்வி. அதற்கு அழகான பதிலும் இருக்கிறது. பூவும் மாவும் ஒரே சொல்தான்.

கோதுமையை அரைத்துச் சலித்தால் தவிடு சல்லடையில் நின்றுவிடும், மென்மையான பகுதி கீழே விழும். அரைத்ததிலேயே உயர்ந்த பகுதி அதுதான் என்பதால், செடியில் பூ எப்படியோ மாவில் இது அப்படி என்று அதற்கும் பூவின் பெயரையே வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களும் நைஸான மாவை "மாவின் பூ" என்றே சொல்வார்கள். ஆங்கிலத்தில் நெடுங்காலம் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள். 1755-இல் வந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி இரண்டையும் தனித்தனிச் சொல்லாகப் பிரிக்கவில்லை. குழப்பம் வேண்டாம் என்று பின்னால்தான் மாவுக்கு எஃப்-எல்-ஓ-யு-ஆர் என்ற எழுத்து நிலைபெற்றது. உங்கள் மகள் ஜான்சன் காலத்தில் அப்படி எழுதியிருந்தால் யாரும் சுழித்திருக்க மாட்டார்கள்.

எல்லா ஜோடியும் இந்த மாதிரி இல்லை. இரவைக் குறிக்கும் நைட், குதிரைவீரனைக் குறிக்கும் நைட் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பிலேயே இவை வேறு வேறு சொற்கள். வீரனைக் குறிக்கும் சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் 'கே' எழுத்தை ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொன்னார்கள். பழைய ஆங்கிலத்தில் அது 'க்னிஹ்ட்'. அதற்குப் பையன், வேலைக்காரன் என்றுதான் பொருள். ஜெர்மனில் அதன் உறவுச்சொல் 'க்னெக்ட்', இன்றும் வேலையாள் என்ற பொருளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் அந்தப் பையன் அரசனிடம் சேவகம் செய்து, குதிரை ஏறி, பட்டமும் வாங்கிவிட்டான். நடுவில் இருக்கும் ஜி-ஹெச் எழுத்துகளுக்கும் தொண்டையிலிருந்து வரும் ஒரு ஒலி இருந்தது. இந்த ஒலிகள் பேச்சிலிருந்து போய்விட்டன, எழுத்தில் மட்டும் தங்கிவிட்டன.

பாப்பாவுக்கு இதைத் தமிழை வைத்தே சொல்லலாம். கரை, கறை இரண்டையும் நம்மில் பலர் பேச்சில் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். ஆற்றங்கரைக்குச் சின்ன ரகரம், சட்டைக் கறைக்குப் பெரிய றகரம் என்று எழுத்துதான் காட்டிக்கொடுக்கிறது. இரை, இறையும் அப்படியே. ஒரு காலத்தில் ஒலியிலேயே வேறுபாடு இருந்ததால்தான் நமக்கு இரண்டு எழுத்து இருக்கிறது. நைட் கதையும் இதுதான்.

செம்பருத்தி:
ஐயா, ரொம்ப நன்றி. படித்துக் காட்டினேன். சமையலறைக்குப் போய்ச் சல்லடையை எடுத்து வந்து, "இதுல கீழ விழுறதுதான் பூவா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோதுமை அரைக்கக் கொடுக்கும்போது காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மணியோசை:
நல்ல இழை. நான் சபையில் பாடல் குழுவில் பாடுகிறவள். எங்கள் குழுவைக் கொயர் என்போம். பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் வாங்குவது ரெண்டு கொயர் நோட்டு. வீட்டில் கிடப்பது கொயர் மெத்தை. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றுதான். மூன்றுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா ஐயா?

கரும்பலகை:
இதை நான் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மூன்றும் மூன்று இடத்திலிருந்து வந்தவை.

நோட்டுக் கொயர் என்பது தாள் எண்ணிக்கை. பழைய கணக்கில் 24 தாள், இப்போது 25. இருபது கொயர் சேர்ந்தால் ஒரு ரீம். அந்தச் சொல்லுக்கு அடியில் இருப்பது நான்கு என்ற லத்தீன் எண். நான்கு தாளை ஒன்றாக மடித்துத் தைத்தால் ஒரு கட்டு, அதிலிருந்து வந்தது.

பாடல் குழுவின் கொயர், கிரேக்க-லத்தீன் 'கோரஸ்' வழி வந்தது. இதில் ஒரு சங்கதி இருக்கிறது. இதையும் ஆங்கிலேயர் முன்பு நோட்டுக் கொயர் மாதிரியே க்யூ எழுத்துப் போட்டுத்தான் எழுதினார்கள். 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அப்புறம் படித்தவர்கள், "இது கோரஸ் என்ற சொல்லாயிற்றே, லத்தீன் மாதிரி சி-ஹெச் போட வேண்டும்" என்று எழுத்தை மாற்றினார்கள். வாய் மாறவில்லை. அதனால்தான் சி-ஹெச் என்று எழுதிவிட்டு 'க்வயர்' என்று படிக்கிறோம். பிள்ளைகள் இதைச் 'சொயர்' என்று வாசிக்கும்போது நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. எழுத்தைப் பார்த்தால் அப்படித்தானே தோன்றும்.

மெத்தைக் கொயர் நம் கயிறு. மலையாளம், தமிழ் இரண்டிலும் உள்ள சொல். தேங்காய் நாரோடு கப்பலேறிப் போய், ஆங்கிலேயர் வாயில் 'காயர்' என்று ஒலித்து, திரும்ப நம் வீட்டுக்கே மெத்தையாக வந்து கொயர் என்று பெயர் சொல்கிறது.

வைகைக்கரை:
கயிறு மட்டுமா? ஆங்கிலத்தில் பாதி தமிழ்தான். காசு – கேஷ். ஒன்று – ஒன். எட்டு – எய்ட். ஒலியைக் கேட்டாலே தெரிகிறது. நம் ஆட்கள் கப்பலில் போய் எண்ணக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இதைப் பாடப்புத்தகத்தில் ஏன் போடுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கரும்பலகை:
தம்பி, உங்கள் பற்று எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவுகட்டக் கூடாது. பழைய வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

எட்டு: பழைய ஆங்கிலத்தில் 'எஆஹ்த', லத்தீனில் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. அது அந்தக் குடும்பத்துச் சொல். நம் எட்டு, 'எண்' என்ற அடியோடு சேர்ந்தது. எண்பது, எண்திசை என்கிறோமே, அந்த எண்.

ஒன்று: பழைய ஆங்கிலத்தில் 'ஆன்'. இப்போது சொல்கிற 'வன்' என்ற ஒலி, இடைக்காலத்தில் ஒரு வட்டாரப் பேச்சிலிருந்து வந்து பரவியது. பழைய ஒலி எங்கே தங்கியிருக்கிறது தெரியுமா? அலோன், ஒன்லி, அடோன் ஆகிய சொற்களில். அலோன் என்றால் 'ஆல்' கூட்டல் 'ஒன்', முழுக்க ஒருவன். அடோன் என்றால் 'அட்' கூட்டல் 'ஒன்', பிரிந்தவர் ஒன்றாவது. இவற்றில் 'வ' என்ற ஒலியே இல்லை பாருங்கள். இப்போது ஒன்றுக்கும், ஜெயித்தான் என்பதற்கும் ஒரே ஒலி, வன். முன்பு அப்படி இல்லை.

கேஷ் பற்றி நாணயம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். அதில் உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

செப்புக்காசு:
நான் சொல்கிறேன். பழைய நாணயம் சேர்ப்பவன். இந்தக் கேஷ் விஷயத்தில் எனக்குப் பல வருட ஈடுபாடு உண்டு.

ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, வேர் வேறு.

கடையில் கேட்கிறார்களே, "கேஷா, கார்டா" என்று, அந்தக் கேஷ் இத்தாலிய 'காஸ்ஸா', பிரெஞ்சு 'கேஸ்' வழியாக வந்தது. பொருள் பெட்டி. பணம் வைக்கும் பெட்டியின் பெயர், பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கு ஆயிற்று. நாமும் "கல்லாவில் எவ்வளவு இருக்கு?" என்று கேட்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. கேஸ், கேஸட் எல்லாம் இந்தப் பெட்டிக் குடும்பம்தான்.

இன்னொரு கேஷ் நம் காசு. போர்ச்சுகீசியர் காதில் காசு 'கைஷா' ஆயிற்று. அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே ஒலியில் ஒரு சொல் இருந்ததால் அங்கேயே இரண்டும் கலந்துவிட்டன. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு தென்னிந்தியச் செப்புக் காசுக்கும், சீனத்தில் சதுர ஓட்டை போட்ட காசுக்கும் கேஷ் என்றே பெயர் சொன்னார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் கணக்கில் 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு பகோடா. ஃபனம் நம் பணம், பகோடா நம் வராகன். அந்தக் கணக்குப் புத்தகங்களில் கேஷ் என்று வருமிடமெல்லாம் நம் காசுதான்.

என்னிடம் 1808-ஆம் ஆண்டுப் பத்துக் காசு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம், கீழே ஆண்டு. மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் அடியில் ரோமன் எண்ணில் பத்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்'. கட்டைவிரலால் தடவினால் அந்த எழுத்து இன்னும் மேடாகத் தட்டுப்படும். பர்மிங்காம் பக்கத்தில் சோஹோ என்ற ஆலையில் அடித்தது. இதே வகைக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் இறங்கி லட்சக்கணக்கில் மேலே எடுத்தார்கள். என்னுடையது அதில் ஒன்று என்றுதான் வாங்கினேன். கடலில் கிடந்தது என்பதற்கு அடையாளமாக ஓரத்தில் பச்சைக் களிம்பு இருக்கிறது.

வைகைக்கரை நண்பரே, நீங்கள் சொன்னதில் பாதி சரி. பெட்டிக் கேஷை விட்டுவிடுங்கள். செப்பில் பொறித்த கேஷ் நம்முடையதுதான்.

வைகைக்கரை:
சரி, ஒப்புக்கொள்கிறேன். எட்டு, ஒன்று விஷயத்தில் ஐயா சொன்ன பழைய வடிவங்கள் எனக்குத் தெரியாது. அந்தக் காசைப் பற்றிப் படித்தபோது உண்மையாகவே சிலிர்த்தது. பொதுவாக எல்லாம் தமிழ் என்று சொல்வதைவிட இந்த ஒரு செப்புக் காசு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கிடங்கும் அப்படித்தானே? கோடவுன் என்கிறோம். சின்ன வயதில் அதை ஆங்கிலத்தில் 'கீழே போ' என்று சொல்வதாக நினைத்திருந்தேன், மூட்டையெல்லாம் கீழே இறக்கி வைப்பதால்.

கரும்பலகை:
பல ஆங்கிலேயரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் தம்பி. அது மலாய் 'குடாங்'. அதற்கும் மூலம் தெலுங்குக் கிட்டங்கி, தமிழ்க் கிடங்கு என்று அகராதிகள் சொல்கின்றன. வேற்றுமொழிச் சொல் காதில் விழுந்தால், காது தனக்குப் பழகிய சொல்லாக அதை வளைத்துக்கொள்ளும்.

பழைய மதராஸ்:
ஐயா கடைசியாகச் சொன்ன வரிக்குச் சென்னையிலேயே இரண்டு சாட்சி இருக்கிறது.

பாரிமுனையில் ஆர்மீனியன் தெரு. ஆர்மீனிய வியாபாரிகள் கட்டிய தேவாலயம் அங்கே இருக்கிறது, இப்போதுள்ள கட்டடம் 1772-ஐச் சேர்ந்தது. ஆர்மீனியன் என்ற பெயர் நம் மக்கள் வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. அரண்மனைக்காரன் தெரு என்றுதான் தமிழில் பெயர். அரண்மனை எங்கே என்று தேடினால் கிடைக்காது.

இன்னொன்று ஹாமில்டன் பாலம். ஹாமில்டன் என்ற பெயர் தமிழில் அம்பட்டன் வாராவதி ஆயிற்று. முடி திருத்துவோரைக் குறித்த சாதிப்பெயர் அது. அதைக் கேட்ட ஆங்கிலேயர், பொருளை மொழிபெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று எழுதிக்கொண்டார்கள். ஆங்கிலப் பெயர் தமிழுக்குப் போய்த் திரும்ப ஆங்கிலத்துக்கு வரும்போது ஆளே மாறிவிட்டார். யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் இந்தப் பாலத்துக்குத் தனிக் குறிப்பே இருக்கிறது. அந்த அகராதியின் பெயர் ஹாப்சன்-ஜாப்சன். அதுவும் இதே கதைதான். முஹர்ரம் ஊர்வலத்தில் "யா ஹஸன், யா ஹுசைன்" என்று கதறுவதை ஆங்கிலச் சிப்பாய்கள் தங்களுக்குப் பழகிய இரண்டு குடும்பப் பெயர்களாகக் கேட்டு வைத்தது அது.

மணியோசை:
பெயர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, இது நேர் எதிரானது. தமிழ் வேதாகமத்தில் யாக்கோபு நிருபம் என்று ஒரு பகுதி. அதையே ஆங்கிலத்தில் எடுத்தால் 'ஜேம்ஸ்'. சின்னப் பிள்ளையில் வேறு ஏதோ புத்தகத்தைத் திறந்துவிட்டேன் என்று பயந்து மூடிவிட்டேன். யாக்கோபு லத்தீனில் யாக்கோபஸ், பிறகு யாக்கோமஸ், அதுவே தேய்ந்து ஜேம்ஸ். ஸ்பெயினில் ஹைமே. யோவானும் அப்படி: ஜான், இயன், இவான், ஷான் எல்லாம் அவர்தான். ஒலி கொஞ்சமும் ஒட்டாது, ஆள் ஒருவர்.

பழைய மதராஸ்:
நாட்டின் பெயரிலும் பாருங்கள். துருக்கிக்கும் வான்கோழிக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். பறவையின் ஊர் மெக்சிகோ. அதற்கு முன்பே துருக்கி வழியாக ஐரோப்பாவுக்கு வந்துகொண்டிருந்த கினிக்கோழியோடு குழப்பிக்கொண்டு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். துருக்கியர்களோ அதை 'ஹிந்தி' என்கிறார்கள், இந்தியக் கோழி. பிரெஞ்சிலும் இந்தியாவிலிருந்து வந்தது என்றுதான் பொருள். டச்சில் 'கல்கூன்', அது நம் கோழிக்கோட்டின் பெயர். மெக்சிகோ கோழிக்கும் கோழிக்கோட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இரவுப்பணி:
நான் செவிலியர். நீங்கள் எல்லோரும் சொல்வதை ரசித்துப் படித்தேன். எங்கள் வேலையில் இதே விஷயம் பயத்தோடு சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஹைட்ராலசின் என்று ஒரு மருந்து, ரத்த அழுத்தத்தைக் குறைக்க. ஹைட்ராக்சிசின் என்று இன்னொன்று, அரிப்பு, ஒவ்வாமைக்கு. சில வருடம் முன்பு இரவு இரண்டு மணி இருக்கும். டாக்டர் ஃபோனில் மருந்தைச் சொன்னார். லைன் கரகரவென்று இருந்தது. எனக்குக் காதில் விழுந்தது ஒன்று, அவர் சொன்னது ஒன்று. நான் எழுதிக்கொண்டதைத் திரும்பப் படித்துக் காட்டி, "அரிப்புக்குத்தானே சார்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு நொடி பேச்சே இல்லை. "இல்லம்மா, பி.பி.க்கு" என்றார். ஃபோனை வைத்த பிறகும் கை நடுங்கியது. அன்றிலிருந்து மருந்தின் பெயரோடு எதற்கு என்பதையும் கேட்காமல் நான் ஒரு மாத்திரையும் எடுத்ததில்லை. அளவிலும் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இப்படித்தான் ஏமாற்றும். "ஒன்-ஃபைவ்", "ஃபைவ்-ஸீரோ" என்று இலக்கம் பிரித்துச் சொல்ல வேண்டும். இந்த ஜோடி மருந்துகளின் பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் வழக்கமும் இதற்காகவே வந்தது.

விண்வழி:
இரவுப்பணி அக்கா, நீங்கள் திரும்பக் கேட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு விமானத்தின் கதை சொல்கிறேன்.

1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. தரைக்கட்டுப்பாட்டிலிருந்து வந்த உத்தரவு: "டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ". அவர் சொன்னது இரண்டு-நான்கு-பூஜ்யம்-பூஜ்யம், அதாவது 2400 அடி. விமானி 'டூ' என்பதை எண்ணாக எடுத்துக்கொள்ளவில்லை, "நானூறு அடிக்கு" என்பதில் வரும் வேற்றுமை உருபாக எடுத்துக்கொண்டார். "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று பதில் சொன்னார். அந்தப் பதிலை யாரும் திருத்தவில்லை. தரையை நெருங்குகிறோம் என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவியும் கத்தியிருக்கிறது. விமானம் குன்றில் மோதி, உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள்.

அதனால்தான் வான்வழிப் பேச்சில் "டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்" என்று ஆயிரம், நூறு எல்லாம் முழுசாகச் சொல்ல வேண்டும் என்பது. ஒன்பதை 'நைனர்' என்பதும் ஃபைவோடு குழம்பாமல் இருக்கத்தான்.

கரும்பலகை:
படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத ஓடவில்லை. நான் எத்தனை பிள்ளைகளிடம் டூ, டு வித்தியாசத்துக்கு ஒரு மார்க் குறைத்திருப்பேன். எழுத்தில் டபிள்யூ இருக்கிறதா இல்லையா என்பதுதான் ஒரே அடையாளம். காற்றில் அந்த எழுத்து போய்ச் சேருவதில்லை.

அந்த டபிள்யூவும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு காலத்தில் அதையும் உச்சரித்தார்கள். ட்வெல்வ், ட்வெண்டி, ட்வின், பிட்வீன், ட்வைலைட் என்று அதன் சொந்தக்காரர்களிடம் இன்றும் கேட்கிறது. எல்லாவற்றிலும் இரண்டு என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. செம்பருத்தி அம்மா, பாப்பாவிடம் இந்த ஐந்தையும் எழுதச் சொல்லி, டபிள்யூவை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள்.

செம்பருத்தி:
எழுதினாள் ஐயா. ட்வைஸ் என்று ஆறாவதாக ஒன்றை அவளே சேர்த்துவிட்டாள். ஞாயிறு கோதுமையும் அரைத்து வந்தோம். சலித்த மாவை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்துவிட்டு நோட்டில் ஸ்பெல்லிங் பக்கத்தில் ஒரு சல்லடைப் படம் போட்டிருக்கிறாள்.

இப்போது அடுத்த கேள்வி. கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "'ஆன்சர்' என்பதிலும் நடுவில் ஒரு டபிள்யூ இருக்கே, யாரும் சொல்றதில்லையே. அதுவும் ரெண்டுக்குச் சொந்தமா?"

கரும்பலகை:
இல்லை அம்மா, அது வேறு வீட்டு டபிள்யூ. ஸ்வேர் என்றால் சத்தியம் செய்வது. ஒருவர் மேல் குற்றம் சாட்டினால், அதற்கு எதிராக அவர் சத்தியம் செய்து சொல்வதுதான் முதலில் ஆன்சர். பழைய ஆங்கிலத்தில் 'அண்ட்ஸ்வரு', 'அண்ட்' என்றால் எதிராக. ஸ்வேரின் டபிள்யூதான் உள்ளே இருக்கிறது.

வாள் என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஸோர்ட்'. அதிலும் ஒரு டபிள்யூ இருக்கிறது. பாப்பா அதைக் கேட்பதற்குள் ஜெர்மன் சொல்லைச் சொல்லி வையுங்கள்: 'ஷ்வேர்ட்'.